அக்கேசியா சாருக்குப் பணி நீட்டிப்பு

திருவனந்தபுரம் உத்தியோகஸ்தர்களின் ஊர். காலையில் தம்பானூரில் வந்து நிற்கும் பாசஞ்சர் ரயில்களிலிருந்து இறங்குகிற கூட்டத்தில் பாதிப்பேர் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். 56 வயதாகிவிட்டால் இவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, குரூப் போட்டோ எடுத்து, பிரியாணிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரே ஒருவரை மட்டும் நாற்பது வருடமாகியும் யாராலும் முழுதாக அசைக்க முடியவில்லை. காரியவட்டம் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்தார், பாலோடு மலையடிவாரத்தில் இருக்கிறார், சாலையோரங்களில் வரிசை கட்டி நிற்கிறார். சொந்த ஊர் ஆஸ்திரேலியா, நியூகினிப் பக்கம். பெயர் அக்கேசியா.

அவரை வேலைக்கு எடுத்த கதை எளியது. 1980களில் உலக வங்கிக் கடனில் சமூக வனத் திட்டம் வந்தது. மொட்டையாகிப்போன மேடு, புறம்போக்கு, சாலையோரம், கல்லூரி மைதானம் எல்லாவற்றையும் பச்சையாக்க வேண்டும். அதையும் கடன் கொடுத்தவன் வந்து பார்ப்பதற்குள் ஆக்க வேண்டும். விண்ணப்பித்தவர்களில் இவருக்குத்தான் தகுதி அதிகம். செம்மண்ணும் வெட்டுக்கல்லும் அவருக்கு ஒன்றுதான். தண்ணீர் ஊற்ற வேண்டாம். மாடு கடிக்காது, ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும், ஆகவே வேலிச் செலவு மிச்சம். மூன்றே வருடத்தில், ஜீப்பை விட்டு இறங்காமலே ஆய்வு செய்கிற அதிகாரியின் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவார். தனக்குக் கீழே எவரையும் தலையெடுக்க விடமாட்டார். ஒரு துறைத் தலைவருக்கு இதைவிட என்ன லட்சணம் வேண்டும்?

அவர் மேல் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. நியாயமாகச் சொன்னால், கெட்ட நிலத்தில் அவருக்கு ஒரு வேலை உண்டு. வேர் முடிச்சுகளில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கிற குலம் அவருடையது. மேல்மண் அடித்துக்கொண்டு போய், வெயிலில் வெட்டுக்கல் தகிக்கிற மேட்டில் நாவலையோ மருதையோ நேரடியாகக் கொண்டுவந்து நட்டால் பெரும்பாலும் ஒரு கோடைகூடத் தாங்காது. முதலில் யாராவது நிழல் கொடுக்க வேண்டும், மழையின் அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், மண்ணின் சூட்டைத் தணிக்க வேண்டும். பிறகு அந்த நிழலில் பறவை கொண்டுவந்து போட்ட விதைகள் முளைத்து மேலே வரும்போது மரியாதையாக விலகிக்கொள்ள வேண்டும். அதாவது இது தற்காலிக நியமனம். தற்காலிகமாக உள்ளே வந்தவர்களை நிரந்தரமாக்குவதைக் கேரளத்தில் பின்வாசல் நியமனம் என்பார்கள். 2021-ல் அரசுப் பணித் தேர்வாணைய (பி.எஸ்.சி.) ரேங்க் பட்டியலில் இருந்த பிள்ளைகள் அதை எதிர்த்துச் செக்ரட்டேரியட் வாசலில் முழங்காலில் ஊர்ந்து போராடினார்கள். வேங்கை, மருது, ஈட்டி, தான்றி, புன்னை எல்லாம் அதே பட்டியலில்தான் நாற்பது வருடமாகக் காத்திருக்கின்றன. முழங்கால் இல்லாததால் செய்தியில் வரவில்லை.

பாலோடு போகிற வழியில் ஒரு பழைய அக்கேசியா தோப்புக்குள் இறங்கிக் குனிந்து, கையால் சருகைத் தள்ளிப் பாருங்கள். பிறை வடிவில் வளைந்து கிடப்பவை இலைகளே அல்ல, தட்டையாகிப்போன காம்புகள். தடித்தவை; மட்க மாட்டேன் என்று அடம் பிடிப்பவை. மேலே இந்த வருடத்துச் சருகு. அதற்கடியில் போன வருடத்தது. அதற்கும் அடியில் அதற்கு முந்தைய வருடத்தது, நிறம் மட்டும் சற்றுக் கறுத்து. விரல் முழுக்க உள்ளே போன பிறகும் மண்வாசனை வராது. மார்ச் மாதத்தில் ஒரு பீடித்துண்டு போதும், தோப்பே பற்றிக்கொள்ளும். அங்கிருந்து கிளம்பி ஏதாவதொரு பழைய சர்ப்பக்காவுக்கு, நாகத்துக்கென்று விட்ட தோப்புக்குப் போய், பூசாரி அனுமதித்தால், வேலிக்கு வெளியே நின்றாவது ஒரு பிடி மண்ணை அள்ளுங்கள். கறுப்பாக, ஈரமாக, கையில் ஒட்டிக்கொண்டு வரும். கூடவே ஒரு மண்புழுவும் வரும். இரண்டு இடத்திலும் பெய்வது ஒரே மழை. ஒன்றில் உள்ளே இறங்குகிறது, மற்றதில் சருகின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடைக்குப் போகிறது. பெரிங்ஙம்மலைப் பக்கத்து ஜனங்கள் கிணறு வற்றுகிறது என்று இந்தத் தோப்புகளுக்கு எதிராகக் கொடி பிடித்தபோது, அவர்களுக்கு மரத்தின் மேல் வெறுப்பு என்று எழுதியவர்களும் உண்டு. மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு மரத்தை மதிக்கக் கற்றுக்கொடுக்க வழுதக்காட்டு வனத்துறைத் தலைமையகத்திலிருந்து ஆள் போகவேண்டும் பாருங்கள்.

சரி, நிலம் எப்படிக் கெட்டது? தானாகவா மொட்டையடித்துக்கொண்டது?

கோழிக்கோடு மாவூரில் பிர்லாவின் குவாலியர் ரேயான்ஸ் ஆலை வருவதற்காக 1958-ல் அரசு ஒப்பந்தம் போட்டது. டன்னுக்கு ஒரு ரூபாய் என்ற கணக்கில் மூங்கிலைத் தருவதாக எழுதிக்கொடுத்தது. எழுத்துப் பிழையில்லை, ஒரு டன் மூங்கில், ஒரு ரூபாய். 1963-ல் ஓடத் தொடங்கிய ஆலை, மூங்கில் காட்டைத் தின்று தீர்த்தது. பிறகு தைலமரம் வேண்டுமென்றது. ஆலைகளின் பசிக்குச் சமைத்துப்போடவே 1975-ல் கேரள வன வளர்ச்சிக் கழகம் பிறந்தது. பெயரில் வனமும் இருக்கிறது, வளர்ச்சியும் இருக்கிறது. இயற்கைக் காட்டையும் புல்வெளியையும் எடுத்துவிட்டுத் தைலமரத்தையும் வாட்டில் மரத்தையும் வரிசை வரிசையாக நட்டார்கள். அவை வெட்டப்பட்ட இடத்தில் மறுபடியும் அவையே. மூன்றாவது சுற்றில் மண்ணில் சத்தில்லை என்று கண்டுபிடித்து, கோப்பில் ‘சீர்கெட்ட நிலம்’ என்று முத்திரை குத்தினார்கள். சீர்கெட்ட நிலத்தைச் சீராக்கத் திட்டம் வேண்டும், திட்டத்துக்கு நிதி வேண்டும், நிதி வந்தால் கன்று வேண்டும். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை என்று கிராமத்தில் சொல்வது இதைத்தான். தொட்டில் ஆட்டியதற்குக் கூலி வேறு.

மாவூர் ஆலை 2001-ல் மூடிவிட்டுப் போய்விட்டது. தைலமரம் போகவில்லை.

கணக்கைக் கேட்டால் கேரளம் பச்சை மாநிலம். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி மாநிலப் பரப்பில் 54.70 சதவீதம் வனப்போர்வை. சதுர கிலோமீட்டரில் 21,253. அரசுப் பதிவேட்டிலுள்ள காடு இதில் ஏறக்குறைய பாதிதான். மிச்சம் எங்கிருந்து வந்தது? ஒரு ஹெக்டேருக்கு மேல் இடம், அதில் பத்து சதவீதமாவது மர நிழல் இருந்தால் செயற்கைக்கோளின் கண்ணுக்கு அது வனம். யாருடைய நிலம், என்ன மரம் என்று கேட்க மாட்டார்கள். நெடுமங்காட்டு ரப்பர் தோட்டம் வனம். தென்னந்தோப்பு வனம். அக்கேசியா சார் தனியாளாகவே வனம். ரப்பர் பால் வெட்டப் போகிற தொழிலாளி காலை ஐந்து மணிக்குத் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு நடப்பது நடுக்காட்டில் என்பது அவருக்கே தெரியாது.

வயநாட்டுக் கதை இன்னும் ருசியானது. அங்கே வனத்துறையின் சமூக வனப் பிரிவு 1980களில் அழகுக்கும் நிழலுக்கும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற தென்னமெரிக்க மரத்தை நட்டது. மஞ்சள் பூ, கொத்துக் கொத்தாக. விஷுவுக்குக் கணி வைக்கிற கொன்றையைப் போலவே இருக்கிறதே என்று ஊரே மயங்கியது. இன்றைக்கு 344 சதுர கிலோமீட்டர் வயநாடு சரணாலயத்தில் கணிசமான பகுதி அந்த மஞ்சள் பூவின் கையில். அதன் அடியில் புல் முளைக்காது. புல் இல்லாவிட்டால் மான் இல்லை. காட்டில் தீனி இல்லாத யானை வாழைத்தோட்டத்துக்கு வரும். வந்தால் மனித, வனவிலங்கு மோதல் என்று திருவனந்தபுரத்தில் கருத்தரங்கு நடக்கும், மதியச் சாப்பாட்டுடன். வெட்டினால் அடிமரத்திலிருந்து நாலாகத் துளிர்க்கிற ஜாதி அது. இப்போது வெட்டிக் கூழாக்க வெள்ளூர்க் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். முதுமலையிலிருந்து நம்மவர்களும் தமிழ்நாடு காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். நட்டதற்குச் செலவு, பிடுங்குவதற்குச் செலவு. நட்ட உத்தரவில் கையெழுத்திட்டவர் பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பார்.

இதெல்லாம் பழைய தவறு, அன்று அறிவியல் அவ்வளவாக வளரவில்லை என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அவர்களுக்காகவே 2024 மே மாதம் வந்தது. 2021-ல்தான் கேரள அரசு இயற்கைக் காடுகளை மீட்பதற்கென்று கொள்கை அறிக்கை வெளியிட்டிருந்தது: தைலமரம், அக்கேசியா, வாட்டில் தோட்டங்களைப் படிப்படியாக அகற்றி நாட்டு மரங்களுக்கு வழிவிடுவது என்று. அழகான அறிக்கை. மை காய்ந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை, வன வளர்ச்சிக் கழகம் தைலமரம் நட்டுக்கொள்ளலாம் என்று அதே அரசு உத்தரவு போட்டது. காரணம், கழகத்துக்குப் பணமுடை. ஊர் கொதித்ததும் அமைச்சர், திருத்துகிறோம் என்றார். இருக்கிற மரத்தை வெட்டலாம், புதிதாக நடக்கூடாது என்று உத்தரவு மாறியது. நல்லது. ஆனால் அந்தக் கோப்பு எத்தனை மேஜை தாண்டி வந்திருக்கும்? கீழிருந்து மேல் வரை ஒருவருக்குக்கூடவா 2021-ல் நாமே எழுதியது ஞாபகம் வரவில்லை? வந்திருக்கும். குறிப்பெழுதினால் பாலக்காட்டுக்கோ காசர்கோட்டுக்கோ மாற்றல் வரும் என்பதும் கூடவே ஞாபகம் வந்திருக்கும்.

அக்கேசியா தோப்பாவது மண்ணைத்தான் கெடுத்தது. நகரத்துக்குப் பக்கத்தில், பள்ளிச்சல் ஊராட்சியில் மூக்குன்னிமலை இருக்கிறது. இருந்தது என்றும் சொல்லலாம். ரப்பர் நட்டுப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று அரசு பட்டா போட்டுக் கொடுத்த நிலம் அது. மரம் நடக் கொடுத்த மலையில் வெடி வைத்தார்கள். கல்குவாரி, கிரஷர், டிப்பர் லாரி. ரப்பர் மரத்தின் வேர் பிடித்திருந்த மண்ணை முதலில் வழித்து ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்த பாறையை லோடு கணக்கில் விற்றார்கள். லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் போட்டது, விசாரணை நடந்தது, பத்திரிகைகள் படம் போட்டன. மலை வளரவில்லை. குவாரிக்கும் வீட்டுக்கும் இடையே 100 மீட்டர் தூரம் வேண்டும் என்றிருந்த விதியை 2017-ல் அரசு 50 மீட்டராகக் குறைத்தது. தோண்டி முடித்த பள்ளத்தைக் குத்தகைக்காரர் மூடி, மரம் நட்டுத் திருப்பித்தர வேண்டும் என்றும் விதி உண்டு. நூறடி ஆழத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கி நிற்கிற பாறைக்குழியில் எந்த மரத்தை நடுவார்கள் என்று கேட்டால் விரோதியாகிவிடுவோம். ஒரு ரப்பர் தோட்டத்தைச் செயற்கைக்கோள் வனம் என்று எண்ணிக்கொண்டிருந்தபோதே அதற்கடியில் மலை காணாமல் போயிற்று. பிறப்புக்கும் இறப்புக்கும் சான்றிதழ் கேட்கிற அரசாங்கம் மலைக்கு எதையுமே கேட்கவில்லை.

இவ்வளவுக்கும் பிராயச்சித்தமாக ஜூன் 5 வரும். பள்ளிக்கூடம், வார்டு அலுவலகம், போலீஸ் ஸ்டேஷன், வங்கிக் கிளை, கட்சி அலுவலகம் எல்லா இடத்திலும் கன்று. 2017-ல் ஒரே நாளில் ஒரு கோடிக் கன்று என்று முழங்கினார்கள். சுற்றுச்சூழல் தினத்தில் கன்று வருவது பல இடத்தில் கறுப்புப் பாலிதீன் பையில்தான். ஆகஸ்டில் சாலையோரத்தில் பட்டுப்போய் நின்ற ஒரு கன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். பையைக் கிழிக்காமலே நட்டிருந்தார்கள். வேர் பையின் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்து, வெளியே போக வழி தெரியாமல், பையின் வடிவத்திலேயே இறுகிச் செத்திருந்தது. தென்மேற்குப் பருவமழை முழுக்க அதன் மேல் பெய்திருந்தது. வேருக்கும் மண்ணுக்கும் நடுவே இருந்தது ஒரு பாலிதீன் தாள் மட்டும். நட்டவரின் பெயர்ப்பலகை திடமாக இருந்தது. துருப்பிடிக்காத எஃகு.

தில்லியில் இதையே இன்னும் நாகரிகமாகச் செய்கிறார்கள். பசுமைக் கடன்மதிப்பு என்று 2023-ல் ஒரு திட்டம்; 2024 பிப்ரவரியில் வகுத்த விதிப்படி, சீர்கெட்ட வனநிலத்தில் ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம் என்ற கணக்கில் நட்டால் மரத்துக்கு ஒரு மதிப்பு என்றார்கள். புதர்க்காடும் சீர்கெட்டதாம், புல்வெளியும் சீர்கெட்டதாம். ஆட்டுக்காரர் மேய்க்கிற இடமெல்லாம் சீர்கெட்டது. குவாரிக்காரர் வெடிக்கிற இடமெல்லாம் வளர்ச்சி. கிரேட் நிக்கோபார் தீவில் வெட்டப்போகிற மழைக்காட்டுக்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடலாம் என்று யோசித்த மூளைகள் இவை. நாமும் சிரிக்க வேண்டாம். ராமநாதபுரத்துச் சீமைக் கருவேலம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வறண்ட நிலத்தைக் காப்பாற்ற வந்த மரம்தான். காப்பாற்றிய கண்மாய்களை ராமநாதபுரத்தில் போய்ப் பாருங்கள்.

மரம் நிலத்தை மீட்காதா? மீட்கும். அட்டப்பாடியில் மீட்டிருக்கிறது. கோயம்புத்தூர் எல்லையை ஒட்டிய அந்த மலையின் கிழக்குப்பக்கம் மழை மறைவுப் பிரதேசம். மரம் வெட்டியும் தீ வைத்தும் மொட்டையடித்த பிறகு மேல்மண் பவானிக்குள் போய்விட்டது. 1980களில் கவிஞர் சுகதகுமாரியும் அவருடைய சகாக்களும் திருவனந்தபுரத்திலிருந்து அங்கே போனார்கள். அமைதிப் பள்ளத்தாக்கைக் காப்பாற்றிய கை சும்மா இருக்கவில்லை. கிருஷ்ணவனம் என்று பெயரிட்டு, பாறையாய்க் கிடந்த குன்றுகளை உள்ளூர் ஆதிவாசிகளோடு சேர்ந்து காட்டுக்குத் திருப்பினார்கள். ரகசியம் எதுவுமில்லை. ஆடுமாடும் தீயும் ஏறாமல் காவல், மண்ணுக்கேற்ற மரம், வருடக்கணக்கில் பொறுமை. பின்னால் ஜப்பான் கடனுதவியில் அஹாட்ஸ் என்ற அமைப்பு வந்தது. 219 கோடி ரூபாய்த் திட்டம். ஊர்க்குழுக்களை வைத்து மலைமேடுகளில் மரம், தடுப்பணை, மண்வரப்பு. வற்றிக் கிடந்த கொடுங்கரைப்பள்ளம் மறுபடி ஓடியது. அந்தத் தண்ணீர் பவானியில் கலந்து நம் பக்கம் வருகிறது. ஆகவே தமிழ்நாட்டு விவசாயிக்கும் அதில் கொஞ்சம் கடன் உண்டு. மரம் வளர்ந்ததால் நீர் மண்ணுக்குள் இறங்கியது, இறங்கிய நீர் ஊற்றானது. பாடப்புத்தகத்தில் போடுகிற மாதிரி.

வெற்றி பெற்ற திட்டத்தை வைத்துக்கொண்டிருந்தால் மற்றவற்றுக்குக் கெட்ட பெயர். 2012-ல் அஹாட்ஸை இழுத்து மூடினார்கள்.

அடுத்த வருடம் அட்டப்பாடியில் ஊட்டச்சத்துக் குறைவால் ஆதிவாசிக் குழந்தைகள் டஜன் கணக்கில் செத்தார்கள். மலை பச்சையாகத்தான் இருந்தது. செயற்கைக்கோள் படத்தில் அட்டப்பாடிக்கு நல்ல மதிப்பெண். தாயின் ரத்தத்தில் இரும்புச்சத்து இருந்ததா என்று பார்க்கிற கருவி செயற்கைக்கோளில் இல்லை. அந்தத் தாய்மார்களின் பாட்டனார்கள் ராகியும் சாமையும் விதைத்த நிலம் ஒவ்வொன்றாக வந்தேறிகளின் கைக்குப் போயிருந்தது. உப்புக்கும் புகையிலைக்கும் வாங்கிய கடனுக்கு ஈடாக, வெள்ளைத்தாளில் கைநாட்டு.

அதைத் திருப்பித்தரவும் ஒரு சட்டம் உண்டு. 1975-ல் திருவனந்தபுரம் சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. ஆதிவாசியிடமிருந்து பறிபோன நிலம் ஆதிவாசிக்கே என்றது. நிறைவேறியதும் அதை அலமாரியில் வைத்தார்கள். விதிகள் எழுதப்பட்டது 1986-ல், பதினொரு வருடம். பதினொரு வருடத்தில் தேக்கே ஆள் உயரம் பல தாண்டியிருக்கும். 1988-ல் நல்லதம்பி தேரா என்ற மருத்துவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1993-ல் நீதிமன்றம், ஆறு மாதத்தில் நிறைவேற்று என்றது. அரசு தவணை கேட்டது, இன்னொரு தவணை கேட்டது, கேட்டுக் கேட்டு 1996-க்கு வந்தது. நீதிமன்றம் விடாது என்று தெரிந்ததும் சட்டத்தையே மாற்ற ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். மற்ற நேரத்தில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இடதும் வலதும் அன்று தோளில் கை போட்டுக்கொண்டன. அந்த அவையில் எதிர்த்து ஓட்டுப்போட்டவர் ஒரே ஒருவர், கே.ஆர். கௌரியம்மா. குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை. சளைக்காமல் 1999-ல், விவசாய நிலம் மாநில விவகாரம் என்று சொல்லி, குடியரசுத் தலைவரிடம் போகத் தேவையில்லாதபடி புதுச் சட்டம் செய்தார்கள். 1960-க்கும் 1986 ஜனவரிக்கும் இடையே கைமாறிய நிலம் இரண்டு ஹெக்டேருக்குள் இருந்தால் இருக்கிறவனிடமே இருக்கட்டும். ஆதிவாசிக்கு வேறெங்காவது பார்த்துத் தரலாம் என்றது அது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றுவிட்டது.

கெட்ட நிலத்தை மரத்துக்குத் திருப்பிக் கொடுக்க இந்த நகரத்தில் கோப்பு உண்டு, கடன் உண்டு, ஜூன் 5 உண்டு, துருப்பிடிக்காத பலகை உண்டு. அட்டப்பாடியில் அடுத்த கன்றுக்குக் குழி வெட்டும் வேலை அங்குள்ள இருளர் ஆதிவாசிகளுக்குக் கிடைக்கும், சொந்தப் பாட்டன் நிலத்திலேயே, தினக்கூலிக்கு.